மாற்றுப் பெட்டி

தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு ஜுசாரா பீட்ரூட் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி தூறியிருந்ததால் மண் இளகிக் கிடந்தது. கிழங்குகள் இழுத்த இழுப்புக்கு வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. தம்பி மேல் இருந்த எரிச்சலை எல்லாம் சேர்த்து அதை இழுத்தாள். இலை மட்டும் கையோடு வந்தது.

"மூணு மணிக்குப் பெட்டிய மூடிடுவாங்களாம்," என்றான் வாண்டர்லே. "அதுவரைக்கும்தான் ஹால் நமக்கு. அடுத்த ஆளு காத்திட்டிருக்கு."

"அடுத்த ஆளுன்னா?"

"அடுத்த பொணம். வேற யாரு?"

"நான் ரெண்டு மணிக்கு வந்துடுவேன். ஒரு மணி நேரம் அப்பா பக்கத்துல உக்காரணும். அந்த நேரத்துல ஒருத்தரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கக்கூடாது. அவ்ளோதான்டா எனக்கு வேணும்."

"இப்பவே கிளம்பி வாயேன்க்கா. கீரை எங்க ஓடிடப் போவுது?"

"அதை அம்மாகிட்ட கேளு."

அம்மாவிடம் கேட்டுப் பயனில்லை என்பது இருவருக்கும் தெரியும். நேற்று மாலை மருத்துவமனை வாசலிலேயே அம்மா நெயிடே தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "மனுஷன் தன் கையால அறுத்து, கட்டி வச்சிட்டுப் போயிருக்காரு. அதை அழுக விட்டா நல்லா இருக்காது. நீ போய் எல்லாருக்கும் குடுத்துட்டு வா."

வெள்ளிக்கிழமை காலை அப்பா அதெமார் வழக்கம்போல மறுநாள் பங்கு பிரிப்பதற்காகக் கசப்புக்கீரையை அறுத்தார். கைப்பிடி கைப்பிடியாகக் கட்டினார். ஈரச் சாக்கைப் போட்டு மூடினார். கை கழுவக் குழாயடிக்குப் போனவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்துப் பாத்திக்காரர் போய்த் தோளைத் தொட்டபோது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததாம். ஜுசாரா பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலையை விட்டுவிட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மருத்துவமனைக் கதவிடுக்கில் அவருடைய கால்களை மட்டும் பார்த்தாள். அதற்கப்புறம் சட்டை தேட ஒரு அலைச்சல், கையெழுத்துப் போட ஒரு அலைச்சல், தோட்டத்தைப் பூட்ட ஒரு அலைச்சல். இன்று விடிந்ததும் இந்த அறுவடை. அப்பா செத்து ஒரு நாள் ஆகப்போகிறது, மகள் இன்னும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

தலைக்கு மேலே கம்பிகள் இரைந்துகொண்டிருந்தன. சாவோ பாவுலோவின் கிழக்குக் கோடியில், வீட்டுக்கு மேல் வீடாக அடுக்கிக்கொண்டு போகிற பேட்டைகளுக்கு நடுவே, உயர் மின்கோபுரங்கள் வரிசையாகப் போகிற அந்தப் பட்டையில் மட்டும் யாரும் வீடு கட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. ஆள் உயரத்தைத் தாண்டி எதுவும் வளரக்கூடாது. கீரை அவ்வளவு உயரம் போகாது என்பதால் அதெமாருக்கு இடம் கிடைத்தது. குப்பை கொட்டிக் கிடந்த நிலத்தை மண்வெட்டியால் கொத்தி, எங்கிருந்தோ மூட்டை மூட்டையாகச் சருகு கொண்டுவந்து போட்டு, மண்ணாக்கினார்.

அப்புறம்தான் பங்குக் குடும்பங்கள் வந்தார்கள். மேற்கே நல்ல தெருக்களில் இருக்கிற நாற்பது குடும்பம். மாத ஆரம்பத்திலேயே ஆளுக்கு ஒரு பங்கு கட்டிவிடுவார்கள். நிலம் என்ன கொடுக்கிறதோ அதைச் சனிக்கிழமை காலையில் வந்து பிரித்துக்கொள்வார்கள். ஆலங்கட்டி மழை அடித்துக் கீரை கந்தலானால் எல்லாருக்கும் கந்தல்தான். நல்ல ஏற்பாடு, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஜுசாராவுக்கு எரிச்சல் அவர்கள் இதற்கு வைத்திருந்த பேரில்தான். 'நாம ஒரே குடும்பம்' என்பார்கள். வாரம் தவறாமல் சொல்வார்கள்.

பத்து மணிக்கு முதலில் வந்தவள் எலோயிசா. இந்தக் குடும்பங்களை ஒருங்கிணைப்பவள், மனநல ஆலோசகர், நீளமான கம்பளிச் சால்வை. வந்ததும் வராததுமாக ஜுசாராவைக் கட்டிப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. ஜுசாராவின் இரண்டு கையிலும் சேறு சொட்டும் லெட்டூஸ் இருந்தது. கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"அழணும்னா அழுதுடு ஜுசாரா. இங்க நீ யாருக்கும் தைரியமா இருக்கணும்னு இல்ல."

"அழறேன். முதல்ல அந்தப் பலகைல எழுதிடுங்க. லெட்டூஸ் ரெண்டு, பீட்ரூட் ஒரு கட்டு, வெங்காயத்தாள் ஒண்ணு, கசப்புக்கீரை ரெண்டு."

"ரெண்டா?" என்றாள் எலோயிசா. சோகத்தின் நடுவிலும் அந்தக் குரல் கொஞ்சம் இறங்கிப்போனது.

"ரெண்டு. நிறைய அறுத்து வச்சிருக்காரு."

கசப்புக்கீரை இந்தத் தோட்டத்தின் பழைய வழக்கு. அதெமார் தூரத்துக் கிராமப்புறத்திலிருந்து வந்தவர். அங்கே அதைப் பூண்டு போட்டு வதக்கிச் சோற்றோடு சாப்பிடாதவர்கள் இல்லை. பங்குக் குடும்பங்களின் பிள்ளைகளோ அதை வாயில் வைத்ததும் துப்பின. கூட்டம் போட்டு, மிகவும் மரியாதையாக, அதற்குப் பதில் வேறு ஏதாவது விதைக்க முடியுமா என்று கேட்டார்கள். அதெமாரும் மிகவும் மரியாதையாக, "பாக்கலாம்மா," என்றார். அடுத்த பருவத்தில் இன்னொரு பாத்தி சேர்த்து விதைத்தார். பார்த்தாள் எலோயிசா, ஒரு பழைய ஆரஞ்சுப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையின் கடைசியில் வைத்தாள். மாற்றுப் பெட்டி. உனக்கு வேண்டாததை அதில் போடு, வேறொருவர் போட்டதில் உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள். ஒன்பது வருஷமாக அந்தப் பெட்டிக்குள் போனது கசப்புக்கீரை. வெளியே வந்தது ஒன்றுமில்லை.

மதியம் அந்தப் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு அதெமார் போவார். வீட்டுக்கு வர ஒரு மணி நேரம் கூடுதலாகும். வரும்போது பெட்டி காலி. பின்னால் சருகு மூட்டைகள் இருக்கும். "எங்க போச்சு கீரை?" என்றால், "போயிடுச்சு" என்பார். "சருகு எங்கேர்ந்து?" என்றால், "பூங்காவுல கிடைச்சுது." பூங்காவில் எவளோ ஒரு விதவை இருக்கிறாள், அவளுக்குக் கசப்பு பிடிக்கும் போலிருக்கிறது என்று நெயிடே சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்புக்கு அடியில் கொஞ்சம் நிஜமும் இருந்தது.

கூட்டம் சேர்ந்தது. ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்தார்கள். சிலர் உண்மையாகவே அழுதார்கள். அதில் பொய் சொல்லக்கூடாது. அழுதுகொண்டே லெட்டூஸைத் தூக்கிப் பார்த்துப் பெரியதாக எடுத்தார்கள் என்பதும் உண்மை. சிவந்த மூக்கோடு ஒரு பெண் ஜுசாராவின் கன்னத்தைத் தடவி, "எதைப் பாத்தாலும் அவரோட ஞாபகமாவே இருக்கும்மா," என்றாள். அப்படியே நகர்ந்து போய் இரண்டு கட்டுக் கசப்புக்கீரையையும் மாற்றுப் பெட்டியில் போட்டாள்.

ஜுசாராவுக்குக் காது சூடாகிவிட்டது.

"அக்கா, அது அப்பா நேத்துக் காலைல அறுத்தது. அதுதான் அவர் கடைசியா அறுத்தது."

அந்தப் பெண் கூசிப்போய், "அய்யோ, ஆமாம்ல," என்று ஒரு கட்டைத் திரும்ப எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஜுசாரா வெங்காயத்தாள் எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது அது மறுபடி பெட்டியில் இருந்தது. மேலே இன்னும் நாலைந்து கட்டுகள் சேர்ந்திருந்தன.

போன் அதிர்ந்தது. வாண்டர்லே எழுதியிருந்தான்: 'அப்பா நகத்தை எல்லாம் தேய்ச்சு வெள்ளையாக்கி வச்சிருக்கானுங்க. இது அவரு கையே இல்லன்னு அம்மா அழுவுது. எப்ப வர்ற?'

அவள் தன் கையைப் பார்த்தாள். கசப்புக்கீரைக் காம்பிலிருந்து வடிகிற பால் விரலெல்லாம் காய்ந்து பழுப்பாகியிருந்தது. எந்தச் சோப்புக்கும் போகாத கறை. அவர் விரல்களில் அது நிரந்தரமாக இருந்தது. திருவிழாவுக்கும் அதோடுதான் போவார்.

பன்னிரண்டு மணிக்கு மூட்டை கட்டிவிடலாம் என்று பார்த்தால், எலோயிசா கையைத் தட்டினாள். "எல்லாரும் வட்டமா நிக்கலாமா?"

நின்றார்கள். கையைக் கோத்தார்கள். கண்ணை மூடி மண்ணுக்கு நன்றி சொன்னார்கள். ஒருவர் கிதார் கொண்டுவந்திருந்தார்; கொண்டுவந்தால் வாசிக்காமல் எப்படி இருப்பார்? ஒரு பாட்டு முடிந்தது, இன்னொன்று தொடங்கியது. ஜுசாராவின் இடது கையை ஒருவர், வலது கையை ஒருவர் பிடித்திருந்ததால் அவளால் நேரம்கூடப் பார்க்க முடியவில்லை. கம்பிகளின் இரைச்சல் மட்டும் பாட்டோடு ஒட்டாமல் தனியாக ஓடியது. பாட்டு முடிந்ததும் எலோயிசா, "அதெமார் நம்ம குடும்பத்தோட வேர்," என்றாள்.

"மூணு மணிக்கு அடக்கம்," என்றாள் ஜுசாரா. "எல்லாரும் வந்துடுங்க."

வட்டம் சட்டென்று கழன்றது. ஒருவருக்கு மகளின் பிறந்தநாள், கேக் சொல்லியாகிவிட்டது. ஒருவருக்கு வண்டியைச் சர்வீஸுக்கு விடவேண்டும். ஒருவர் நிலத்தைப் பார்த்தார். எலோயிசா அவள் கையை மெல்ல அழுத்தினாள்.

"நாங்க பேசி வச்சோம்டா. அவரு வாழ்ந்த இடம் இதுதானே, இங்கேயே வழியனுப்பிடலாம்னு. கல்லறைத் தோட்டத்துல எனக்கு ஒத்துக்காது. அங்க ஒரு மாதிரி கனமான அதிர்வு இருக்கும்."

ஜுசாரா கையை உருவிக்கொண்டாள். குடும்பம் என்றால் பிணத்துக்கு வரவேண்டாமா என்று தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் இன்னொரு தடவை கட்டிப்பிடிப்பார்கள்.

"அடுத்த சனிக்கிழமை கிடையாது," என்றாள். "எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. இதுதான் கடைசி. நான் இந்த நிலத்தைப் பாக்கப் போறதில்ல."

"இப்ப எதுவும் முடிவு பண்ணாத. துக்கத்துல…"

"துக்கத்துல இல்ல. வெறுத்துப்போய்ச் சொல்றேன்."

அவர்கள் போனபிறகு மேசையைக் கழுவினாள். மாற்றுப் பெட்டி விளிம்புக்கு மேல் குவிந்து நின்றது. அதை அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் தூக்கினாள். அப்பா கட்டிய கட்டுகள். வாழைநாரை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகுவார், முடிச்சே போடமாட்டார். கவிழ்க்க மனம் வரவில்லை. வேனில் ஏற்றினாள். நிலமே வேண்டாம் என்று எலோயிசாவிடம் சொல்லிவிட்டதைத் தம்பிக்குப் போனில் சொன்னாள்.

ஒரு பங்கு மிச்சம் இருந்தது. ப்ரெனோ என்கிற இளைஞன். அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடுவதாக மூன்று தடவை செய்தி அனுப்பியிருந்தான். பையைக் கேட்டில் மாட்டிவிட்டு வேனைக் கிளப்பினாள். வேன் இருமியது, அடங்கியது. மறுபடி இருமியது. அப்பா அதற்கு ஏதோ ஒரு பக்குவம் செய்வார். யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் குத்தினாள். அந்த நேரம் சைக்கிளில் வந்து இறங்கிய ப்ரெனோ, பையை எடுத்தான், உள்ளே பார்த்தான்.

"கசப்புக்கீரையா? எனக்கு இது வேணாம்க்கா, மாத்துப் பெட்டி எங்க?"

"பின்னால இருக்கு. போட்டுட்டு வண்டியைத் தள்ளு."

போட்டுவிட்டுத் தள்ளினான். தள்ளும்போதுதான், "பெரியவர் வரலையா இன்னிக்கு?" என்று கேட்டான். செய்தியே படிக்காத பிள்ளை. வேன் பிடித்துக்கொண்டது, அவள் நிற்கவில்லை.

பெரிய தெருவில் சனிக்கிழமைச் சந்தை இருக்கிறது என்பது அவளுக்கு நினைவே இல்லை. நடுத்தெருவில் மீன்கடை, பழக்கடை, எண்ணெயில் பொரிகிற பாஸ்தெல் பலகாரம். பின்வாங்கவும் முடியாமல், முன்னால் ஒரு லாரி தக்காளி இறக்கி முடிக்கும்வரை காத்திருந்தாள். தக்காளிக்காரன் பெட்டி பெட்டியாக, பாடிக்கொண்டே இறக்கினான். இன்று எல்லாருக்கும் பாட்டு வந்தது. மணி இரண்டு ஆனது. இரண்டரை ஆனது. ஒரு மணி நேரம் அரை மணியாகி, பத்து நிமிஷமாகி, சுத்தமாகக் கரைந்துபோனது. அவள் ஹாரன் அடித்ததில் ஒரு கோழிக் கூண்டு மிரண்டதுதான் மிச்சம்.

கல்லறைத் தோட்டத்து முன்வாசலில் கார் நிறுத்த இடமில்லை. வேனைக் குறுக்கே போட்டுவிட்டு ஹாலுக்குள் ஓடினாள். நடுவில் சவப்பெட்டி, சுற்றிலும் பூ, மெழுகுவத்தி. ஓடிய வேகத்தில் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். உதட்டில் சாயம் பூசிய ஒரு கிழவி படுத்திருந்தாள்.

"நீ இவங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று பக்கத்தில் நின்றவர் காப்பிக் கோப்பையை நீட்டினார்.

"ஒண்ணும் வேணாம்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வாசல் காவலர் கையைக் காட்டினார். உங்காளுங்க மேல் மூலைக்குப் போய்ட்டாங்க, நடந்தா ரொம்ப தூரம், வண்டி இருந்தா பின்பக்க கேட்டு வழியா போங்க.

பின்பக்க கேட் பூட்டியிருந்தது. அவள் ஹாரனில் கையை வைப்பதற்குள், சாம்பல் நிறச் சட்டையும் ரப்பர் பூட்ஸும் போட்ட ஒருவர் உள்ளேயிருந்து சாவியோடு வந்தார். வேனைப் பார்த்ததுமே சிரித்துக்கொண்டு கேட்டைத் திறந்தார்.

"என்ன கீரைக்காரரே, இன்னிக்கு இவ்ளோ லேட்டு? வரமாட்டீருன்னு நினைச்சு…" ஜன்னலில் குனிந்தவர் நிறுத்தினார். "நீ யாரும்மா? வண்டி அவரோடது ஆச்சே."

"அவரு பொண்ணு."

"அப்படியா! நான் ஒதாயிர். சொல்லியிருப்பாரே. மேலுக்கு ஏதும் முடியலையா அவருக்கு? சருகு நாலு மூட்டை கட்டி வச்சிட்டேன்." அவர் கண் பின்னால் போனது. "அடேயப்பா, இன்னிக்குக் கீரை ரொம்ப இருக்கு போல. பசங்க கேட்டுக்கிட்டே இருந்தானுங்க."

ஜுசாராவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் மொத்தமும் ஒரே நேரத்தில் புரிந்தது. சனிக்கிழமைகளின் அந்த ஒரு மணி நேரம், காலிப் பெட்டி, பூங்கா, விதவை. கேட்டுக்கு உள்ளே, சுவரோரமாக, நெஞ்சு உயரத்துக்கு நான்கு மூட்டைகள் நின்றன.

"அண்ணே," என்றாள். "மூணு மணிக்கு அடக்கம் பண்றது அவரைத்தான்."

ஒதாயிர் சிரித்த முகத்தோடேயே இருந்தார். சிரிப்பு போக நேரமானது. தொப்பியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பலகைல பேரு போட்டிருந்தாங்க. அதெமார்னு. படிச்சேன். எங்களுக்கு அவரு கீரைக்காரருதானே. பேரு கேட்டதே இல்ல." தொப்பியைக் கக்கத்தில் இடுக்கினார். "காலைல குழியை நான்தாம்மா வெட்டினேன். வேரு நிறைய இருந்துச்சு. திட்டிக்கிட்டே வெட்டினேன்."

அவள் அழவில்லை; நேரமில்லை. "எங்கண்ணே அது? மூடியிருப்பாங்க."

அவர் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். "ஓட்டு. வண்டி போகக்கூடாத வழி. பரவால்ல, ஓட்டு."

மேல் மூலையில் ஒரு சின்னக் கூட்டம். அம்மா, வாண்டர்லே, பக்கத்துப் பாத்திக்காரர், தெருவில் இருந்து சிலர். பெட்டி குழியின் மேல் குறுக்குக் கட்டைகளில் இருந்தது. இரண்டு ஆட்கள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வேன் வந்து நின்றதும் வாண்டர்லே பாய்ந்து வந்தான்.

"எங்கக்கா போன? எவ்ளோ நேரம்தான் நிறுத்தி வைக்கறது? அவனுங்க மூடிட்டானுங்க!"

"தெரியும்டா. நீ வேற கத்தாத."

ஒதாயிர் கயிற்றுக்காரர்களிடம் போனார். "நிறுத்துங்கடா. கயித்தக் கீழ போடு."

"மூடினதைத் தொறக்கக் கூடாதுண்ணே. ஆபீஸ்ல…"

"இது நம்ம கீரைக்காரருடா."

அந்தப் பையன் பெட்டியைப் பார்த்தான், வேனைப் பார்த்தான். கயிற்றை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, மூடியின் ஒரு பக்கத் திருகாணிகளைத் தானே கழற்ற ஆரம்பித்தான். மறுபக்கம் ஒதாயிர். மூடியை இரண்டு பேரும் தூக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

"சீக்கிரம்மா," என்றார் ஒதாயிர்.

அப்பா நன்றாக வாரி விடப்பட்டிருந்தார். வகிடு தப்பான பக்கத்தில் இருந்தது. கைகள் நெஞ்சின் மேல். நகங்கள் யாரோ ஆபீஸ்காரரின் நகங்கள்போல வெளுத்திருந்தன. ஜுசாரா மண்டியிட்டாள். ஒரு மணி நேரத்துக்கு என்னென்னவோ வைத்திருந்தாள். சொல்லவும், சும்மா இருக்கவும். அதில் ஒன்றுகூட வரவில்லை. வந்தது ஒரு புகார்தான்.

"யாரும் எடுத்துக்கலப்பா. அப்படியே பெட்டியில போட்டுட்டுப் போய்ட்டாங்க. ரெண்டு ரெண்டு கட்டு குடுத்தேன். ஒருத்தரும் எடுத்துக்கல."

அப்போதுதான் அழுகை வந்தது. தன் பழுப்பேறிய கட்டைவிரலால் அவருடைய கட்டைவிரல் நகத்தை அழுத்தித் தேய்த்தாள். கையில் இருந்த ஈரத்தில் கொஞ்சம் கறை ஒட்டிக்கொண்டது. அம்மா அதைப் பார்த்தாள், துடைக்கப் போகவில்லை. வகிட்டை மட்டும் சரி செய்தாள்.

மூடினார்கள். இறக்கினார்கள். ஒதாயிர் வெட்டிய மண்ணை ஒதாயிரே தள்ளினார். பாட்டு எதுவும் இல்லை.

எல்லாம் முடிந்தபின் அவர்களும் மற்ற மூலைகளில் வேலை பார்த்த ஆட்களும் மண்வெட்டியைச் சாத்திவிட்டு, குழாயில் கை கழுவிக்கொண்டு வேனுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். கேட்கத் தயங்கினார்கள். ஜுசாரா கதவைத் திறந்து பெட்டியை முன்னால் இழுத்தாள். ஆளுக்கு மூன்று நான்கு கட்டுகள் எடுத்தார்கள். ஒருவன் முகர்ந்து பார்த்தான். "நேத்து அறுத்தது," என்றான். அவள் தலையசைத்தாள்.

"இங்க மரம் நிறைய," என்று ஒதாயிர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "சருகைக் கூட்டி லாரில ஏத்தி விடணும். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுகிட்டு, அதை என்ன பண்றீங்கன்னு கேட்டாரு. அப்புறம் வாரா வாரம். இவரு கீரை தருவாரு, நாங்க சருகு தருவோம். பேச்சு ஒண்ணும் பெருசா கிடையாது. சுவருல உக்காந்து ஒரு காப்பி குடிப்பாரு, போயிடுவாரு."

"இங்கதான் வந்துட்டிருந்தாரா?" என்றாள் நெயிடே. "நான் எவளோன்னு இருந்தேன்." சிரிக்கத்தான் தொடங்கினாள், பாதியில் அது வேறாகிவிட்டது. வாண்டர்லே அவளைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டே மூட்டைகள் இருந்த பக்கம் பார்த்தான்.

"அப்போ அந்த நாப்பது குடும்பமும் இவ்ளோ நாளா தின்னது கல்லறைச் சருகுல வளர்ந்ததா?"

எலோயிசாவின் கனமான அதிர்வு ஜுசாராவுக்கு ஞாபகம் வந்தது. இன்று முதல் தடவையாகச் சிரிப்பு மூக்கு வழியாக வெளியே வந்தது. "ஒருத்தர்கிட்டயும் சொல்லாத," என்றாள்.

வேனைப் பின்பக்க கேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். பெட்டியில் கடைசியாக இருந்த ஒரு கட்டை ஒதாயிர் எடுத்து நெயிடேயின் கையில் கொடுத்தார். பிறகு சுவரோரம் இருந்த மூட்டைகளைக் காட்டி, "இதை என்னம்மா பண்றது?" என்று கேட்டார்.

ஜுசாரா பின்கதவை முழுசாகத் திறந்தாள்.

"நிலமே வேணாம்னு எலோயிசாகிட்ட சொல்லிட்டேன்னு போன்ல சொன்ன?" என்றான் வாண்டர்லே.

"சொன்னேன். நீ அந்த சீட்டை முன்னால தள்ளு."

துக்கத்துக்காகக் காலையிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்த கறுப்புச் சட்டையோடு அவளும் ஒரு முனையைப் பிடித்தாள். நான்கு மூட்டைகளும் ஏறின. ஒன்றின் வாய் சரியாகக் கட்டியிருக்கவில்லை. வேன் முழுக்கக் காய்ந்த இலை வாசம்.

"அடுத்த வாரமும் கட்டி வைக்கட்டுமா?" என்று கேட்டார் ஒதாயிர், கேட்டைப் பிடித்தபடி.

அவள் காலிப் பெட்டியை எடுத்தாள். உள்ளே ஒட்டியிருந்த ஒரு இலையைத் தட்டிவிட்டாள். வழியில் சருகு பறக்காமல் இருக்க, வாய் அவிழ்ந்த மூட்டையின் மேல் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அழுத்தினாள்.